அரசர் தேரைப் பின்னால் எடுத்தவனுக்கு

மாப்ளே,

திருவிழா முடிந்த மறுநாள் இன்று. கோயில் வாசலில் உட்கார்ந்து ஒயர் சுருட்டிக்கொண்டிருக்கிறேன். ஆம்பிளிஃபையர் மூடியைத் திறந்தால் தூசி கருகின வாடை குப்பென்று அடிக்கிறது. இந்த வாடை உனக்கு ஆகவே ஆகாது. "உன் பொட்டி வேவுதுடா மச்சான், கொஞ்ச நேரம் வாய மூடிக்கினு இரு" என்பாய். ஆவணியில் உனக்கு நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்தாய். அதற்கப்புறம் நம்ம கோயில் வாசலில் இந்தப் பெட்டி ஓடினது நேற்றுதான். வாடை வந்ததும் நீ பின்னால் நிற்கிறாயா என்று திரும்பிப் பார்த்துத் தொலைத்தேன்.

நேற்று நடந்ததை உன்னிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. ஆனால் அதைச் சொல்ல வேண்டுமென்றால் முந்தின கதையிலிருந்து வர வேண்டும். உனக்குத் தெரிந்த கதைதான். நீ அதை டிராக்டர் சீட்டில் உட்கார்ந்து பார்த்தாய், நான் ரோட்டில் நின்று பார்த்தேன். ரோட்டில் நின்றவனுக்கு எப்படி இருந்தது என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை.

கிறிஸ்து அரசர் திருநாள் வந்தால் நம்ம ரெண்டு பேர் இல்லாமல் வேலை ஆகாது. முன்னால் நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு "கிறிஸ்து அரசருக்கு" என்று கத்துவேன், ஊர் "ஜே" என்று வாங்கும். பின்னால் உன் டிராக்டர், அதில் மாட்டின டிரெய்லர், அதன்மேல் வாழைமரமும் சீரியல் பல்பும் கட்டின தேர், தேருக்கு நடுவில் நம்ம ராஜா, கிறிஸ்து அரசர் சொரூபம். தலையில் வெள்ளிப் பூச்சுப் போட்ட கிரீடம். ஊரே சேர்ந்து செய்து போட்ட கிரீடம் அது. கோயிலை விட்டுக் கிளம்பின தேர் முன்னால்தான் போகணும், ஒரு அடிகூடப் பின்னால் வரக்கூடாது. ராஜா பின்வாங்கினால் ஊருக்கு ஆகாது. இது யார் போட்ட சட்டம் என்று பங்குச் சாமியாருக்கும் தெரியாது. ஒரு வருஷம் கரன்ட் கம்பி தாழ்வாகத் தொங்கினபோதுகூட மூங்கிலை விட்டுத் தூக்கிப் பிடித்துத்தான் தேரை நுழைத்தோமே தவிர, பின்னால் எடுக்கவில்லை. "கரன்ட் அடிச்சா நேரா மோட்சம்தான், டிக்கெட் கூட வாணாம்" என்று நீ சீட்டில் உட்கார்ந்து சிரித்தாய்.

எனக்கு அந்த ஒரு நாள்தான் அவர் ராஜா. உனக்கு அப்படி இல்லை. விடிந்ததும் சாவியைத் திருகுவதற்கு முன்னால் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து "உத்தரவு, ராஜா" என்பாய். அதைக் கேட்டுவிட்டுத்தான் வண்டி உறுமும். எத்தனை தடவை கிண்டல் பண்ணியிருப்பேன்! "இன்னாடா, மேல இருந்து பதில் வந்துச்சா? டவர் கெடைக்குதா?" என்று கேட்பேன். "ஒரு ஒரு நாளைக்கு வரும். வராத நாளைக்கி நேத்து சொன்னதையே செய்ய வேண்டியதுதான்" என்பாய்.

சொன்னதைச் செய்தாய், அதுதான் கொடுமை. வடக்கனந்தல் பெரிய பண்ணைக்காரர் பக்கத்து விதவையின் வரப்பைச் சேர்த்து உழச் சொன்னபோது, கலப்பையைத் தூக்கி வைத்துக்கொண்டு வண்டியைத் திருப்பிவிட்டாய். அந்தப் பண்ணை வேலை அத்தோடு போச்சு. கல்வராயன் மலைக்கு ராவோடு ராவாக வெல்ல மூட்டை ஏற்றிக்கொண்டு போகச் சொல்லி ஆள் வந்தது. சாராய ஊறலுக்குத்தான் அந்த வெல்லம் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். "எங்க மொதலாளி ஒத்துக்க மாட்டாருங்க" என்று கும்பிட்டு அனுப்பினாய். யாரு உன் முதலாளி என்று அவர்கள் ஊர் பூராவும் விசாரித்துக்கொண்டு திரிந்ததை நினைத்தால் இப்பவும் சிரிப்பு வருகிறது.

போன வருஷத்துக்கு முந்தின வருஷத் திருநாளுக்கு வருகிறேன். பொழுது சாயவில்லை, வெளிச்சம் நன்றாக இருந்தது. தேர் ஊரைச் சுற்றிவிட்டு மலை ரோட்டுக்குப் போகிற அந்தச் சின்னத் தார் ரோட்டில் ஏறியிருந்தது. ஒரு பக்கம் வாய்க்கால், இன்னொரு பக்கம் ஆள் உயரக் கரும்பு. அங்கே ரெண்டு மாட்டுவண்டியே விலக முடியாது. நான் முன்னால் மன்றாட்டு மாலை சொல்லிக்கொண்டு போகிறேன். எதிரே ஒரு ஜீப் ஹாரனை விடாமல் அமுக்கிக்கொண்டு வந்து என் முட்டிக்கு முன்னால் நின்றது. வெள்ளிமலைப் பக்கத்து ஜீப். டிரைவர் குதித்து இறங்கினான். உள்ளே பாயில் ஒரு பெண் கிடந்தாள். நிறைமாதம். பாய் நனைந்திருந்தது. அவள் புருஷன் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்தான். அவள் கத்தவில்லை மாப்ளே. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது எனக்கு.

"அண்ணே, ரத்தம் நிக்கவே இல்ல. கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரிக்குப் போவணும். கொஞ்சம் வழி வுடுங்கண்ணே" என்றான் டிரைவர்.

வழி எங்கே இருக்கிறது? ஒன்று, ஜீப் வந்த வழியே திரும்பி மலையடிவாரம் போய்ச் சுற்றிக்கொண்டு வரவேண்டும். இல்லையென்றால் தேர் பின்னால் போய், கரும்பு லோடு ஏற்றுகிற திட்டில் ஒதுங்கவேண்டும். தூக்கிக்கொண்டு போகலாம் என்றால் தேருக்குப் பின்னால் நின்றதெல்லாம் பைக்கும் ஜெனரேட்டர் வண்டியும்தான். அந்த நிலைமையில் இருக்கிறவளை எதில் உட்கார வைக்கிறது?

கோயில் கமிட்டித் தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். கெட்ட மனுஷன் இல்லை அவர். தன் சொந்தப் பெண்ணுக்கு இப்படி ஆகியிருந்தால் துடித்துப்போயிருப்பார். ஆனால் அவர் பின்னால் ஊர் நின்றது. "ஜீப்பத் திருப்புங்கப்பா, சுத்திக்கினு போங்க. ராஜா தேர் பின்னால வராது" என்றார். ஜீப்காரன் கையெடுத்துக் கும்பிட்டான். "சுத்திப் போனா ஆள் தாங்காதுங்க" என்றான். பின்னாலிருந்து யாரோ, "நம்ம திருநாள் அன்னிக்கின்னு பாத்துத்தான் இவங்களுக்கு வருமா?" என்றார்கள். வேறு யாரோ "ஏய், வாய மூடு" என்றார்கள். ஆளாளுக்குப் பேசினார்கள். தலைவர் என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கி, "யாரும் கூச்சல் போடாதீங்க, தேர் முன்னால போவும்" என்று அறிவித்தார்.

நான் உன்னைத்தான் பார்த்தேன். நீ சீட்டில் உட்கார்ந்து ஜீப்பைப் பார்த்தாய், தலைவரைப் பார்த்தாய், மறுபடியும் ஜீப்பைப் பார்த்தாய். உன் கை கியரில் இருந்தது. வண்டி நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டு இருந்தது. அந்த நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. அப்புறம் நீ தலையை ஸ்டியரிங்கில் வைத்தாய். காலையில் செய்கிற அதே மாதிரி. நிமிர்ந்தாய். கியர் விழுகிற சத்தம் கேட்டது. தேர் பின்னால் போக ஆரம்பித்தது.

ஊரே ஓலமிட்டது. "வாணாண்டா! நிறுத்துடா!" என்று பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டார்கள். பின்னால் நின்ற ஜெனரேட்டர் வண்டியும் பைக்கும் முதலில் திட்டில் ஏறின, ஆட்கள் கரும்புக்குள் விழுந்தடித்து ஓடினார்கள். நீ கழுத்தைத் திருப்பிக்கொண்டு ஒரே பார்வையாகப் பின்னால் பார்த்து டிரெய்லரைத் தள்ளினாய். உயரமான தேர், குறுகல் ரோடு. புளியமரத்துக் கிளை தேரின் வளைவில் மாட்டிப் படபடவென்று முறிந்தது. ராஜா ஆடினார். கிரீடம் கழன்று விழுந்து ரோட்டில் உருண்டு, நட்ட நடுவில் வந்து நின்றது.

நீ நிறுத்தவில்லை. டிரெய்லரைத் திட்டில் ஏற்றினாய், டிராக்டரையும் ஒடித்து ஒதுக்கினாய். வழி திறந்துவிட்டது. ஜீப்காரன் கிளப்பிக்கொண்டு வந்தவன், கிரீடத்தைப் பார்த்ததும் பிரேக்கை மிதித்துவிட்டான். அவன் நம்ம வேதக்காரன்கூடக் கிடையாது. அவனுக்கே அதன்மேல் ஏற்ற மனசு வரவில்லை. அப்போது நீ சீட்டில் எழுந்து நின்று கத்தினாய் பார். என் ஹாரன் செட்டெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

"நிக்காதடா! வா! மேல ஏத்திக்கினு வா!"

அவன் ஏற்றிக்கொண்டு போனான். நெறுக்கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். ஜீப் கள்ளக்குறிச்சி ரோட்டில் மறைந்தது.

அப்புறம் உன்னைச் சீட்டிலிருந்து இழுத்துப் போட்டார்கள். சட்டை கிழிந்தது, உதடு கிழிந்தது. நான் நடுவில் விழுந்து ரெண்டு அடி வாங்கினேன். அது என் முதுகுக்கு வரவேண்டியது இல்லை, உனக்காக வாங்கினேன், ஞாபகம் வைத்துக்கொள். தலைவர் தட்டையாகப் போன கிரீடத்தைத் துண்டில் ஏந்திக்கொண்டு அழுதார். நிஜமாகவே அழுதார். அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது. நடிக்கிறவரிடம் பேசிப் பார்க்கலாம், உண்மையாக அழுகிறவரிடம் என்ன பேசுவது?

மறுநாள் சேதி வந்தது. பெண் பிழைத்துவிட்டாள். குழந்தை இல்லை.

ஊருக்கு அது போதுமானதாக இருந்தது. "பாத்தீங்களா, ராஜா கோவம்" என்றார்கள். "தேரு பின்னால போச்சு, பச்சப்புள்ள பூடுச்சு" என்றார்கள். டீக்கடையில் உன் காதில் விழும்படியாகவே சொன்னார்கள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. தாய் உயிரோடு இருக்கிறாளே, அது யார் கணக்கு என்று நான் கேட்டேன். நீ டீயை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாய்.

கமிட்டி கூடியது. திருநாள் அன்றைக்குத் தேருக்கு முன்னால் முட்டி போட்டு, தேரைப் பின்னால் எடுத்ததற்கு ராஜாவிடம் மைக்கில் மன்னிப்புக் கேட்கவேண்டும். கேட்கிற வரைக்கும் தேரைத் தொடக்கூடாது, உன் வீட்டு நல்லது கெட்டதுக்கு ஊர் வராது. சாமியார் வாயைத் திறக்கவில்லை. முன்னால் இருந்த சாமியாரை எதிர்த்துக் கோயிலைப் பூட்டின ஊர் இது, அவருக்கும் தெரியும். நீ எழுந்து நின்று, "ராஜாகிட்ட தெனமும்தான் முட்டி போடறேன். கமிட்டிக்கு இன்னாத்துக்குங்க போடணும்?" என்றாய். முடிந்தது கதை. போன வருஷம் வேறொருவன் தேர் இழுத்தான். நீ கோயிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்று "ஜே" சொன்னாய்.

ஆனால் ஒரு விஷயம் எனக்குப் புரியவே இல்லை. சாயங்காலம் ஆனால் ஆள் இல்லாத கோயிலில் போய் நீ தனியாக முட்டி போட்டுக் கிடந்தாய். அழுதுகொண்டு வெளியே வருவாய். "நீதான் ஒரு தப்பும் பண்ணலியே, இன்னாத்துக்குடா கெடந்து அழுவுற?" என்று ஒரு நாள் சட்டையைப் பிடித்தே கேட்டேன். "அது எனக்கும் அவருக்கும்" என்றாய். கடைசிவரைக்கும் அதுக்குமேல் ஒரு வார்த்தை வரவில்லை. என்னிடமே சொல்லவில்லை என்று எனக்குக் கோபம். அந்தக் கோபத்தோடுதான் உன்னைக் குழியில் இறக்கினேன்.

இப்போது நேற்றைய கதை. உன் பெண்ணுக்கு ரிஷிவந்தியம் பக்கம் இடம் அமைந்திருக்கிறது. நல்ல பையன். கல்யாணத்துக்கு முன்னால் நம்ம கோயிலில் பூசையில், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று ஓலை வாசிக்கவேண்டுமே. சாமியார் தயங்கினார். "ஊர் ஒத்துக்கினா வாசிச்சிடறேம்மா" என்றார். கமிட்டி உன் வீட்டுக்கே வந்தது. அப்பன் கேட்காத மன்னிப்பைப் பெண் கேட்கட்டும், திருநாள் அன்றைக்கே ஓலை வாசிக்கலாம் என்றார்கள். தங்கச்சி, அதுதான் உன் பெண்டாட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். உன் பெண் மட்டும், "கேக்கறேங்க" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர்கள் போனதும் சண்டைக்கே போய்விட்டேன். "உங்கப்பன் சாவுற வரிக்கும் கேக்கல, நீ கேக்கப் போறியா? இந்தக் கல்யாணம் இல்லன்னா இன்னொரு கல்யாணம்!" என்று கத்தினேன். அவள் சாந்தமாக, "நீங்க மைக்க மட்டும் ஒழுங்கா வையிங்க மாமா" என்றாள். உன் ரத்தம், வேறே எப்படி இருக்கும்?

நேற்று பூசை முடிந்தது. தேர் வாசலில் நிற்கிறது. புதுக் கிரீடம் மின்னுகிறது. ஊர் மொத்தமும் கூடியிருந்தது. மாப்பிள்ளை வீட்டாரும் ஒரு ஓரமாக வந்து நின்றார்கள். உன் பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். தேருக்கு முன்னால் முட்டி போட்டாள். நான் மைக்கை அவள் வாய்க்குக் கிட்டே இறக்கிப் பிடித்தேன். மறு கை ஆம்பிளிஃபையர் மேல். என் நெஞ்சு அடித்துக்கொண்டது மைக்கில் கேட்டுவிடுமோ என்று இருந்தது. தலைவர் கையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடினார்.

"ராஜாவே" என்றாள். "எங்கப்பா உங்க தேரப் பின்னால எடுத்தாரு."

ஊர் மூச்சு விட்டது. தங்கச்சி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"ஆனா லேட்டா எடுத்தாரு. எங்கிட்ட மட்டும் சொன்னாரு. வண்டி வந்து நின்னப்பவே நீங்க எடுன்னு சொன்னீங்களாம். ஊர் இன்னா சொல்லுமோன்னு பாத்துக்கினு இருந்துட்டாராம். அதுக்குள்ள ஒரு கொழந்த பூடுச்சு. சாவுற வரிக்கும் எங்கப்பா உங்ககிட்ட கேட்ட மன்னிப்பு அதுதான். அதையே நானும் கேக்கறேன். லேட்டா எடுத்ததுக்கு எங்கள மன்னிச்சிடுங்க ராஜா."

"எங்கள" என்றாள், மாப்ளே. எங்கப்பாவை என்று சொல்லவில்லை. கூட்டத்தில் நின்ற ஒவ்வொருத்தனும் அதற்குள் வந்துவிட்டான். நானும் வந்துவிட்டேன்.

"ஆஃப் பண்ணு! மைக்க ஆஃப் பண்ணுடா!" என்று கமிட்டியில் ஒருத்தர் என்னிடம் சீறிக்கொண்டு வந்தார். என் கை ஸ்விட்ச் மேல்தான் இருந்தது. ஒரு விரல் அசைத்தால் போதும். ஒவ்வொரு திருநாளுக்கும், ஒவ்வொரு சாவுக்கும் இந்தக் கமிட்டி கூப்பிட்டால்தான் என் செட்டு ஓடும், என் அடுப்பு எரியும். என் தலை குனிந்து ஆம்பிளிஃபையர் மேல் இடித்தது. வேண்டுமென்று செய்தேனா, பயத்தில் சாய்ந்தேனா, எனக்கே தெரியாது. வாயில் வந்தது மட்டும் உன் வார்த்தை. "உத்தரவு, ராஜா" என்றேன். அதுவும் மைக்கில் கேட்டுவிட்டது.

நான் அணைக்கவில்லை. உன் பெண் சிலுவை போட்டுக்கொண்டு எழுந்திருக்கிற வரைக்கும் மைக் திறந்தே இருந்தது. யாரும் "ஜே" சொல்லவில்லை. சாமியார் படியிறங்கி வந்தார், என் கையிலிருந்து மைக்கை வாங்கினார், அங்கேயே நின்று ஓலையை வாசித்தார். தலைவர் தடுக்கவில்லை. கண்ணைத் திறக்கவும் இல்லை.

தேர் கிளம்பி ஊரைச் சுற்றி வந்தது. இன்றைக்குக் காலையில் கமிட்டியிலிருந்து ஆள் வந்து, இனிமேல் வேறே மைக் செட் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சரி என்றேன். நீ கோபித்துக்கொள்ளாதே, உன்னைப்போல எனக்கு வீரமெல்லாம் கிடையாது. அந்த ஸ்விட்ச் மேல் வைத்த கை நேற்றிலிருந்து நடுங்கிக்கொண்டே இருக்கிறது. ஒயர் ஒழுங்காகச் சுருள மாட்டேன் என்கிறது, தட்டிலிருந்து சோறு அள்ள முடியவில்லை. பெண்டாட்டி, டாக்டரிடம் காட்டு என்கிறாள். காட்ட மாட்டேன். அறுபது வயசுக்கு மேல், முதல் தடவையாக, சொன்ன நேரத்துக்குச் சொன்னதைக் கேட்ட கை இது. நடுங்கட்டும்.